அந்த அம்மா என்ன சொன்னாங்க?

இன்று காலை உங்கள் போனில் ஒரு மீமாவது வந்திருக்கும். வடிவேலுவோ கவுண்டமணியோ முழித்துக்கொண்டு நிற்க, மேலே ஒரு வரி, கீழே ஒரு வரி. நடுவில் யாராவது ஒரு அரசியல்வாதி மாட்டியிருப்பார். நீங்கள் இரண்டு விநாடி சிரித்திருப்பீர்கள். மச்சானுக்கோ ஆபீஸ் குரூப்புக்கோ தள்ளிவிட்டிருப்பீர்கள். அதோடு சரி.

அந்த இரண்டு விநாடியைப் பற்றித்தான் இந்த வாரம்.

'இதெல்லாம் ஒரு விஷயமா சார்?' என்று கேட்பீர்கள். விஷயம்தான். பல்கலைக்கழகங்களில் மீம்களை எடுத்து வைத்துக்கொண்டு, கம்பராமாயணத்துக்கு உரை எழுதுவது போல உரை எழுதுகிறார்கள். 'பண்பாட்டுக் கோட்பாடு', 'விமர்சனக் கோட்பாடு' என்று பெரிய பெரிய பெயர். பயப்படாதீர்கள். உள்ளே இருப்பது மூன்றே கேள்விதான். யார் சிரிக்கிறார்கள்? யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்? சிரிக்கும்போது எது காணாமல் போகிறது? மூன்றாவது கேள்விதான் கொஞ்சம் வலிக்கும்.

முதலில் பெயர்க் காரணம். 'மீம்' என்ற வார்த்தையைச் செய்தவர் ரிச்சர்ட் டாக்கின்ஸ், இங்கிலாந்துக்காரர், உயிரியல் விஞ்ஞானி. 1976ல் ஜீன்களைப் பற்றி எழுதிய புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் இதைச் சொன்னார். ஜீன் உடம்பு விட்டு உடம்பு தாவுவது போல ஒரு பாட்டு மெட்டு, ஒரு உடை வழக்கம், பானை வனையும் ஒரு முறை எல்லாம் மூளை விட்டு மூளை தாவுகின்றன. அப்படித் தாவுகிற சமாசாரத்துக்கு ஒரு பெயர் வேண்டுமே? கிரேக்கத்தில் 'போலச் செய்தது' என்று பொருள்படும் ஒரு சொல்லைக் குறுக்கி 'மீம்' என்றார். அப்போது இன்டர்நெட் நம் வீட்டுக்கு வரவில்லை. வாட்ஸ்அப் கனவில்கூட இல்லை. இப்போது அந்த வார்த்தையும் அவர் கையை விட்டு மூளை மூளையாகத் தாவி, வடிவேலு முகத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது.

வடிவேலு என்றதும் 2019 ஞாபகம் வருகிறது. 'ஃப்ரண்ட்ஸ்' படம் வந்தது 2001ல். அதில் கான்ட்ராக்டர் நேசமணி தலையில் ஒரு சுத்தியல் விழும். பதினெட்டு வருஷம் கழித்து, ஃபேஸ்புக்கில் யாரோ ஒரு சுத்தியல் படத்தைப் போட்டு 'உங்கள் ஊரில் இதன் பெயர் என்ன?' என்று கேட்க, நம்மாள் ஒருவர் நேசமணி மண்டை உடைந்த கதையைப் பதிலாகப் போட்டார். அவ்வளவுதான். நேசமணி உயிர் பிழைக்க வேண்டும் என்று உலகமே பிரார்த்தித்தது! 2019 மே 30ல் நரேந்திர மோடி இரண்டாம் முறை பிரதமராகப் பதவியேற்றபோது, இந்தப் பக்கம் நேசமணி ட்விட்டரில் அவரோடு போட்டி போட்டுக்கொண்டிருந்தார். தமிழர்களுக்கு வடிவேலு ஒரு நடிகர் மட்டுமல்ல, ஒரு அகராதி. எந்த அவமானத்துக்கும் அவரிடம் ஒரு முகம் இருக்கிறது.

சரி, நம் ஊர்க் கதைக்கு வருகிறேன்.

நம் ஊர் என்றால் பிள்ளைச்சாவடி. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே வாருங்கள். கோட்டக்குப்பம் வந்ததும் தமிழ்நாடு. பொம்மையார்பாளையம் தாண்டியதும் மறுபடி புதுச்சேரி. பிரெஞ்சுக்காரர்கள் துண்டு துண்டாக நிலம் பிடித்ததன் மிச்சம் இது. சாலைக்கு ஒரு பக்கம் இன்ஜினீயரிங் காலேஜ். 2020லிருந்து அது புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். இன்னொரு பக்கம் மீனவர் தெருக்கள். அதற்கப்புறம் கடல். கொஞ்சம் வடக்கே காலாப்பட்டில் மத்தியப் பல்கலைக்கழகம். அதாவது, மீம் போடுகிறவர்களும் மீம் பற்றி ஆராய்ச்சி செய்கிறவர்களும் மீன் பிடிக்கிறவர்களும் ஒரே டீக்கடையில் டீ குடிக்கிற ஊர்.

2021 பிப்ரவரி 17. ராகுல் காந்தி புதுச்சேரிக்கு வந்தார். முத்தியால்பேட்டை சோலை நகரில் மீனவர்களைச் சந்தித்தார். பக்கத்தில் அன்றைய முதல்வர் நாராயணசாமி. கூட்டத்தில் ஒரு அம்மா எழுந்து தமிழில் பேசினார். கரையோரத்தில் இப்படியே கிடக்கிறோம், எங்களுக்கு ஆதரவாக யாரும் இல்லை, புயல் வந்தபோது இவர்கூட வந்து பார்க்கவில்லை என்ற பொருளில் முதல்வரையே காட்டிக் குற்றம் சொன்னார். 'என்ன சொல்கிறார்?' என்று ராகுல் கேட்க, முதல்வர் இங்கிலீஷில் மொழிபெயர்த்தார். நிவர் புயலின்போது நான் வந்து பார்த்தேன், நிவாரணம் கொடுத்தேன், அதைத்தான் இந்த அம்மா சொல்கிறார் என்று!

அன்று சாயங்காலத்துக்குள் அந்த வீடியோ நாடு முழுக்கப் போய்விட்டது. அவர் தரப்பில் விளக்கங்கள் வந்தன. யார் கேட்டார்கள்? வீட்டில் மனைவி திட்டுவதைக் கணவர் மாமியாருக்கு மொழிபெயர்ப்பது, மேனேஜர் திட்டுவதை டீம் லீடர் மொழிபெயர்ப்பது என்று, ஒருவர் ஒன்று சொல்லப் பக்கத்தில் இருப்பவர் வேறொன்று சொல்லும் எல்லா இடத்துக்கும் அது பொருந்தியது. நல்ல மீமுக்கு இலக்கணமே அதுதான். சட்டை ஒன்று, போட்டுக்கொள்ளும் உடம்பு ஆயிரம்.

அந்த வாரம் புதுச்சேரியில் நடந்ததைச் சேர்த்துப் பாருங்கள். 16ம் தேதி இரவு கவர்னர் கிரண் பேடி நீக்கப்பட்டார். 17ம் தேதி மொழிபெயர்ப்பு. 22ம் தேதி பெரும்பான்மை இல்லாமல் நாராயணசாமி ஆட்சி கவிழ்ந்தது. மீமால் கவிழவில்லை, எம்.எல்.ஏ.க்கள் ராஜினாமாவால் கவிழ்ந்தது. ஆனால் இன்றைக்கு யாரையாவது கேளுங்கள். ராஜினாமா செய்த எம்.எல்.ஏ.க்களின் பெயர் வராது. மொழிபெயர்ப்பு வரும்.

*

முதல் கேள்வி. யார் சிரிக்கிறார்கள்?

நம் பக்கத்துத் தெருக்கூத்தைப் பார்த்திருக்கிறீர்களா? விடிய விடிய நடக்கும். ராஜா கிரீடமும் புஜகீர்த்தியும் கட்டிக்கொண்டு வந்து நிற்பார். பக்கத்தில் கட்டியங்காரன். ராஜா வாயைத் திறந்தால் அவன் ஒரு கிண்டல் அடிப்பான். சில சமயம் ஊர்த் தலைவரையும் சேர்த்து இழுப்பான். கூட்டம் கைதட்டும். ராஜாவும் ஊர்த் தலைவரும் பொறுத்துக்கொள்ள வேண்டும். அது அவனுக்கு ஊர் கொடுத்த உரிமை.

ரஷ்யாவில் மிகயீல் பக்தின் என்று ஒரு அறிஞர். ஐரோப்பாவின் பழைய திருவிழாக்களை ஆராய்ந்து இதையேதான் சொன்னார். திருவிழா நாட்களில் ஏழைகள் போலி ராஜாவுக்கு முடிசூட்டுவார்கள், பிறகு இறக்கி அடிப்பார்கள், பாதிரியாரைக் கிண்டல் செய்வார்கள். மேலே இருப்பது கீழே வரும், கீழே இருப்பது மேலே போகும். சிரிப்பு பயத்தைத் தின்றுவிடும் என்பது அவர் கட்சி. பக்தினே ஸ்டாலின் காலத்தில் கைதாகி நாடு கடத்தப்பட்டவர். சிரிப்பின் அருமை அவருக்குத் தெரியும்.

நமக்கும் தெரியும். 1987 மார்ச்சில் 'ஆனந்த விகடன்' அட்டையில் எம்.எல்.ஏ., மந்திரிகளைக் கிண்டல் செய்து ஒரு ஜோக் வந்தது. அதற்காக ஆசிரியர் எஸ்.பாலசுப்ரமணியனுக்குச் சட்டசபை மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. நாடு முழுக்கக் கண்டனம் எழ, சில நாட்களில் விட்டுவிட்டார்கள். அவர் விடவில்லை. வழக்குப் போட்டு ஜெயித்து, நஷ்ட ஈடாக ஆயிரம் ரூபாய் வாங்கிச் சட்டம் போட்டு மாட்டினார். புதுச்சேரியில் 2012 அக்டோபரில் ஒரு சிறு தொழில் செய்பவர், அன்றைய மத்திய நிதியமைச்சரின் மகனைப் பற்றி ட்விட்டரில் ஒரு வரி எழுதினார். அவரைப் பின்தொடர்ந்தவர்கள் அப்போது ஒரு சில பேர்தான். விடியற்காலையில் போலீஸ் வந்து அழைத்துப் போனது. அப்போது கையில் எடுத்த 66ஏ என்ற சட்டப் பிரிவை 2015 மார்ச் 24ல் சுப்ரீம் கோர்ட் ரத்து செய்துவிட்டது.

ஆக, நாற்காலியைப் பார்த்துச் சிரிப்பது லேசான காரியமல்ல. சிறைக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். இதை மனதில் வைத்துக்கொண்டுதான் மேலே பேச வேண்டும். 'மீம் போடுறதே தப்பு' என்று சொல்கிறவர் கட்சியில் நான் இல்லை.

ஆனால் கட்டியங்காரனுக்கும் மீமுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. கட்டியங்காரன் யார் என்று ஊருக்குத் தெரியும். அடுத்த நாள் அதே தெருவில் அவன் நடக்க வேண்டும். மீம் யார் போட்டது? தெரியாது. காலேஜ் பையன் தூக்கம் வராமல் போட்டதாகவும் இருக்கலாம், ஒரு கட்சியின் ஐ.டி. விங்கில் சம்பளத்துக்குப் போட்டதாகவும் இருக்கலாம். இப்போது ராஜாவே பின்கட்டில் பத்துக் கட்டியங்காரர்களை வேலைக்கு வைத்திருக்கிறார், எதிரி ராஜாவைக் கிண்டல் செய்ய. கிண்டல் ஒன்றுதான். கூலி கொடுப்பவர் யார் என்பதுதான் கண்ணுக்குத் தெரியாது.

*

இரண்டாவது கேள்வி. யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம்?

2017 ஏப்ரல். வைகை அணையில் தண்ணீர் ஆவியாகாமல் தடுக்க, அன்றைய அமைச்சர் செல்லூர் ராஜு தெர்மாகோல் அட்டைகளை டேப் போட்டு ஒட்டி மிதக்கவிட்டார். காற்று அடித்தது, அட்டைகள் கரைக்கு வந்துவிட்டன. அவர் பெயரோடு தெர்மாகோல் ஒட்டிக்கொண்டது. டேப்பை விடப் பலமாக.

சிரிக்க வேண்டிய விஷயம்தான். சோதனை செய்யாமல் அரசுப் பணத்தில் இப்படிச் செய்யலாமா? கேட்கத்தான் வேண்டும். ஆனால் இதையும் கேளுங்கள். 2015ல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நீர்த்தேக்கத்தில் 9 கோடியே 60 லட்சம் கறுப்புப் பிளாஸ்டிக் பந்துகளைக் கொட்டினார்கள். வெயில் பட்டுத் தண்ணீர் கெடாமல் இருக்கவும், ஆவியாவது குறையவும். உலகமே படம் எடுத்துப் போட்டு வியந்தது. தண்ணீரை மூடி வைப்பது என்ற யோசனை பைத்தியக்காரத்தனம் அல்ல, செய்த விதம்தான் கோளாறு. மீம் இந்த வித்தியாசத்தைச் சொல்லாது. அதற்கு இரண்டு விநாடிதான் நேரம். அந்த இரண்டு விநாடியில் அது சொல்வது 'படிக்காத மந்திரி பாரு' என்பதுதான்.

பக்கத்திலேயே இன்னொன்றை வையுங்கள். 2020 ஜனவரியில், சூரியன் 'ஓம்' என்று ஒலிப்பதை நாசா பதிவு செய்ததாக ஒரு வீடியோவை கிரண் பேடி ட்விட்டரில் பகிர்ந்தார். நாசா அப்படி எதையும் சொல்லவில்லை. அதற்கும் மீம் வந்தது. ஆனால் எத்தனை பேருக்கு இப்போது நினைவிருக்கிறது? தெர்மாகோலை ஒரு குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். முன்னாள் ஐ.பி.எஸ். அதிகாரி, சரளமான இங்கிலீஷ்... சறுக்கல் அவர் மேல் ஒட்டவில்லை. வேட்டி கட்டிய மதுரைக்காரர் மேல் ஒட்டிக்கொண்டது. இரண்டு தவறில் எது பெரியது என்று நான் சொல்லவில்லை. எது ஒட்டியது, ஏன் ஒட்டியது என்று யோசியுங்கள் என்கிறேன்.

இதிலும் கொடுமை விஜயகாந்த் கதை. 2005ல் கட்சி ஆரம்பித்து, 2011ல் 29 இடம் ஜெயித்து எதிர்க்கட்சித் தலைவரானவர். பிறகு உடல்நிலை கெட்டது, பேச்சு குழறியது. அந்தக் குழறலை வைத்து மீம் ஓடியது பாருங்கள், கணக்கு வழக்கே இல்லை. கொள்கையை யாரும் கேட்கவில்லை, நாக்கைத்தான் பிடித்து இழுத்தார்கள். 2023 டிசம்பர் 28ல் அவர் இறந்தார். அன்றைக்கு அதே பக்கங்களில் மெழுகுவர்த்தி. அவர் போட்ட சாப்பாட்டைப் பற்றி உருக்கமான பதிவுகள். 'மன்னிச்சிடுங்க கேப்டன்' என்று எழுதியவர்கள் ஏராளம். அவர் படிக்கத்தான் இல்லை.

பிரான்ஸ் தத்துவ ஞானி ஹென்றி பெர்க்சன் 1900லேயே சிரிப்பைப் பற்றி ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். சிரிக்கிற நேரத்துக்கு மனசு மரத்துப்போக வேண்டும், இரக்கம் இருந்தால் சிரிப்பு வராது என்பது அவர் வாதம். பல் டாக்டர் போடுகிற ஊசி மாதிரி. அதில் தப்பில்லை. ஆனால் டாக்டர் எந்தப் பல்லைப் பிடுங்குகிறார் என்பதாவது நமக்குத் தெரிய வேண்டாமா?

*

இப்போது மூன்றாவது கேள்வி. எது காணாமல் போகிறது?

இதற்கு ஒரு சலூனுக்குப் போக வேண்டும். ஆமாம், முடி வெட்டுகிற சலூன்தான். பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை ஒப்படைத்துவிட்டுப் புதுச்சேரியை விட்டுப் போனது 1954 நவம்பர் 1. அடுத்த வருஷம் ரோலான் பார்த் என்ற பிரெஞ்சு எழுத்தாளர் சலூனில் ஒரு வாரப் பத்திரிகையைப் பார்க்கிறார். 'பாரி மாட்ச்' என்று பெயர். அட்டையில், பிரெஞ்சு ராணுவ உடையில் ஒரு கறுப்பினச் சிறுவன் சல்யூட் அடிக்கிறான். பார்த் அதைப் பற்றி யோசித்துத் தன் 1957ம் ஆண்டுப் புத்தகத்தில் எழுதினார். அந்தப் பையனுக்கு ஒரு ஊர் உண்டு, அம்மா உண்டு, அவன் அங்கே வந்து நின்றதற்கு ஒரு வரலாறு உண்டு. படம் அதையெல்லாம் மெள்ள வடித்துவிடுகிறது. மிஞ்சுவது 'பிரெஞ்சு சாம்ராஜ்யம் எவ்வளவு உயர்ந்தது பார்' என்ற ஒரே செய்தி. பையன் இருக்கிறான். ஆனால் பையன் இல்லை. சோறு போய் வடிதட்டு மட்டும் நிற்கிற மாதிரி.

இதைச் சோலை நகர் வீடியோவில் போட்டுப் பாருங்கள். மீமில் முதல்வர் இருக்கிறார், ராகுல் இருக்கிறார், மொழிபெயர்ப்பு இருக்கிறது. அந்த அம்மாவும் இருக்கிறார், மைக்கோடு. ஆனால் அவர் எதைப் பற்றிப் பேசினார்? அது வடிந்துவிட்டது.

போன மழைக்காலத்தில், நம் ஊர் டீக்கடையில் இன்ஜினீயரிங் மாணவர்கள் இரண்டு பேர் பக்கத்து பெஞ்சில். பேச்சுவாக்கில் அந்த வீடியோவைக் காட்டினேன்.

"சார், இது லெஜண்ட் டெம்ப்ளேட் சார். செமஸ்டர் ரிசல்ட்டுக்கு இன்னிக்கும் நாங்க யூஸ் பண்றோம்" என்றான் ஒருவன்.

"அந்த அம்மா என்ன கேட்டாங்கன்னு ஞாபகம் இருக்கா?"

இரண்டு பேரும் முகத்தைப் பார்த்துக்கொண்டார்கள். "ஏதோ நிவாரணம் வரலைன்னு... இல்ல சார்?"

மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு டீக்கு நின்றிருந்த ஒரு அம்மா எட்டிப் பார்த்தார். அறுபது வயசிருக்கும். "இன்னொரு தபா போடு தம்பி" என்றார். போட்டான். முழுசாகப் பார்த்தார். சிரிக்கவே இல்லை.

"அவ்ளோ பெரிய ஆளுங்கள வெச்சிகினு மூஞ்சிக்கு நேரா கேட்டுடுச்சி பாரு. அதுக்கு இன்னா தெகிரியம்!"

"ஆயா, அவரு மாத்திச் சொல்றாரு, அதுதான் காமெடி" என்று விளக்கினான் பையன்.

"அவரு கெடக்கறாரு. அது கேட்டது கரைய பத்திதானே? எங்க வூட்டுக்கும் கடலுக்கும் நடுவுல வல காயப்போட மணலு இருந்துச்சி. இப்ப கல்லுதான் இருக்குது. அத யாரு கேட்டாங்க?"

ஜமைக்காவில் பிறந்து இங்கிலாந்தில் பாடம் நடத்திய ஸ்டூவர்ட் ஹால், 1973ல் ஒரு கட்டுரை எழுதினார். ஒரு செய்தியை அனுப்புகிறவர் ஒரு அர்த்தத்தில் கட்டி அனுப்புவார், வாங்குகிறவர் தன் வாழ்க்கையை வைத்துத்தான் பிரிப்பார், இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்று. அதற்கு நிரூபணம் அந்த டீக்கடை பெஞ்சில் நடந்தது. ஒரே வீடியோ. மாணவனுக்கு அது முதல்வரைப் பற்றியது. ஆயாவுக்கு அது ஒரு பெண் எழுந்து கேட்டதைப் பற்றியது.

ஆயா சொன்ன மணலின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், மீமில் அது வராது. நம் கரையில் வருஷத்தில் பெரும்பாலான மாதங்கள் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். கடலே ஒரு கன்வேயர் பெல்ட் மாதிரி. 1980களின் பிற்பாதியில், அரியாங்குப்பம் ஆற்றின் முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காக அலைத்தடுப்புக் கற்சுவர்கள் கட்டினார்கள். தெற்கிலிருந்து வந்த மணல் அங்கேயே நின்றுவிட்டது. தேங்கும் மணலை எடுத்து வடக்கே கொட்டிக்கொண்டே இருந்திருக்க வேண்டும், ஒழுங்காக நடக்கவில்லை. புதுச்சேரியின் கடற்கரை மணல் போயே போச்சு. நகரத்தைக் காப்பாற்றக் கல் கொட்டினார்கள். கல் கொட்டிய இடம் தப்பிக்கும், அரிப்பு அடுத்த குப்பத்துக்கு வடக்கே நகரும். அங்கே கல், அப்புறம் அதற்கு வடக்கே. குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர், தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம், பிள்ளைச்சாவடி. கடல் ஊர் ஊராக வந்தது. நடுவில் மாநில எல்லை வேறு. இந்தக் கல் யார் செலவு, அந்தக் கல் யார் செலவு? 2018ல் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் ஒரு தடுப்பு அமைத்து, நகரத்தில் கொஞ்சம் மணலை மீட்டார்கள். டூரிஸ்ட்டுகள் செல்ஃபி எடுக்கிறார்கள். குப்பங்களில் தூண்டில் வளைவு கேட்டு, ஜனங்கள் ஈ.சி.ஆரில் மறியல் செய்ய வேண்டியிருக்கிறது.

நிவர் புயல் கரையைக் கடந்தது 2020 நவம்பர் 25 நள்ளிரவை ஒட்டி, மரக்காணம் பக்கம். மணல் இருக்கிற கரைக்குப் புயல் ஒரு ராத்திரி. மணல் இல்லாத கரைக்குப் புயல் என்றால் அலை நேரே அடுப்படிக்கு வரும். சோலை நகர் அம்மாவின் ஒரு வாக்கியத்துக்குப் பின்னால் முப்பது வருஷக் கடல் இருக்கிறது. வேண்டுமானால் அதை வைத்து ஒரு டாக்டர் பட்டமே வாங்கலாம்.

*

காயத்ரி ஸ்பிவாக் என்பவர் கல்கத்தாவில் பிறந்து அமெரிக்காவில் பாடம் நடத்துகிறவர். 1988ல் வெளியான அவருடைய கட்டுரை உலகப் பிரசித்தம். அடித்தட்டில் இருப்பவர் பேச முடியுமா என்பதுதான் தலைப்பில் உள்ள கேள்வி. அதில் ஒரு உண்மைச் சம்பவம் சொல்கிறார். 1926ல் கல்கத்தாவில் ஓர் இளம்பெண் தூக்கில் தொங்கினாள். ரகசிய விடுதலை இயக்கத்தில் இருந்தவள். ஒரு அரசியல் கொலையைச் செய்யச் சொல்லியிருந்தார்கள், அவளால் முடியவில்லை. 'ஏதோ தப்பு நடந்து கர்ப்பமாகிவிட்டாள்' என்று ஊர் பேசும் என்பது அவளுக்குத் தெரியும். அதனால் மாதவிலக்கு வரும்வரை காத்திருந்து, அதற்கப்புறம் உயிரை விட்டாள். உடம்பையே கடிதமாக எழுதிவைத்தாள். பலன்? பல வருஷம் கழித்தும் குடும்பத்திலேயே 'கள்ளக்காதல் விவகாரம்' என்றுதான் சொன்னார்களாம்.

ஸ்பிவாக் சொல்வது, அடித்தட்டில் இருப்பவருக்கு வாய் இல்லை என்பதல்ல. வாய் இருக்கிறது, பேசுகிறார், கத்துகிறார். அது போய்ச் சேர வேண்டிய காது வரைக்கும் கம்பி இல்லை. நடுவில் நிற்கிறவர் தனக்குத் தெரிந்ததை, தனக்கு வேண்டியதைச் சொல்லிவிடுகிறார்.

சோலை நகர் அம்மாவுக்கு இது ஒரு முறை நடக்கவில்லை. எண்ணிப் பாருங்கள். முதல் மொழிபெயர்ப்பு மேடையிலேயே. இரண்டாவது மொழிபெயர்ப்பு நம்முடையது: அவர் குறையைக் காமெடியாக்கிக் குரூப்பில் போட்டோம். மூன்றாவது, எட்டே நாளில். பிப்ரவரி 25ல் பிரதமர் மோடி புதுச்சேரிக்கு வந்து கூட்டத்தில் பேசியபோது இந்தச் சம்பவத்தை எடுத்து எதிர்க்கட்சியை அடித்தார். அதாவது, அந்த அம்மாவின் வாக்கியம் இப்போது 'காங்கிரஸுக்கு ஓட்டுப் போடாதீர்கள்' என்று மொழிபெயர்க்கப்பட்டது. ஏப்ரல் 6ல் தேர்தல். காங்கிரஸுக்கு இரண்டே இடம். நாராயணசாமி போட்டியிடவே இல்லை.

நாற்காலியில் இருந்தவர் மாறினார். மீம் தன் வேலையைச் செய்துவிட்டது என்று சொல்பவர்கள் சொல்லலாம். ராஜாவை இறக்குவதுதான் திருவிழாவின் வேலை என்றால், ஆமாம், திருவிழா நன்றாகவே நடந்தது. பக்தினைப் படித்த சிலர் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: திருவிழா முடிந்த மறுநாள் காலை என்ன ஆகிறது? ராஜா அரண்மனைக்குப் போகிறார், ஜனங்கள் வயலுக்குப் போகிறார்கள். சிரித்துத் தீர்த்துவிட்டதால் கோபமும் தீர்ந்துபோகிறது. குக்கரில் விசில் வைத்திருப்பது குக்கர் வெடிக்காமல் இருக்கத்தானே? ஆளுகிறவர்களுக்கு இது தெரியும். இப்போதெல்லாம் அவர்கள் மீமுக்குக் கோபப்படுவதைக் குறைத்துக்கொண்டுவிட்டார்கள், கவனித்தீர்களா? தங்களைப் பற்றிய மீமைத் தாங்களே மேடையில் சொல்லிச் சிரிக்கிறார்கள். நீங்கள் சிரித்தால் அவர்களுக்கு நஷ்டமில்லை. 'கல்லு எங்கே?' என்று கேட்டால்தான் கஷ்டம்.

அதற்காக மீமே பார்க்காதீர்கள் என்று உபதேசம் செய்யப் போவதில்லை. செய்தாலும் நீங்கள் கேட்க மாட்டீர்கள், நானும் கேட்க மாட்டேன். கட்டியங்காரன் இல்லாத கூத்தை யார் விடிய விடிய உட்கார்ந்து பார்ப்பார்கள்? ஒன்றே ஒன்றுதான் சொல்ல ஆசை. நல்ல கட்டியங்காரன் ராஜாவைக் கிண்டல் செய்துவிட்டு ஓடிவிட மாட்டான். கதையைச் சபைக்கு எடுத்துச் சொல்வதும் அவன் வேலைதான். இப்போது வந்தது யார், எதற்கு அழுகிறாள் என்று சொல்லிவிட்டுத்தான் அடுத்த கிண்டலுக்குப் போவான். மீம் கிண்டலை எடுத்துக்கொண்டு, எடுத்துச் சொல்கிற வேலையை விட்டுவிட்டது. அந்த வேலை இப்போது உங்கள் கட்டைவிரலுக்கு வந்திருக்கிறது.

அடுத்த முறை ஒரு அரசியல்வாதி மாட்டிக்கொண்ட மீம் வந்தால் நன்றாகச் சிரியுங்கள். சிரித்து முடித்ததும் படத்தின் ஓரத்தைப் பாருங்கள். நடுவில் இருப்பவரை அல்ல, ஓரத்தில் இருப்பவரை. மைக் பிடித்துக்கொண்டோ, மனுவை நீட்டிக்கொண்டோ, குடத்தோடோ யாராவது நிற்பார்கள். முக்கால்வாசி மீம்களில் நிற்பார்கள். அவர் எந்த ஊர், என்ன கேட்டார், அது கிடைத்ததா? கண்டுபிடிக்க ஐந்து நிமிஷம் ஆகும். கண்டுபிடித்ததை அதே குரூப்பில் மீமுக்குக் கீழே ஒரு வரியாகப் போடுங்கள். யாரும் ஸ்மைலி போட மாட்டார்கள். பரவாயில்லை.

குறைந்தபட்சம், அந்த அம்மா சொன்னது ஒரு தடவையாவது சரியாக மொழிபெயர்க்கப்பட்டிருக்கும்.